குளியலறையில் குருத்தோலை

எனக்கு எட்டு வயதான வருஷம், குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின இரண்டு நாள் எங்கள் வீட்டுக் குளியலறையில் யாரும் குளிக்கவில்லை. டெல்லி மோதி பாக் அரசுக் குடியிருப்பில் மூன்றாம் மாடி, இரண்டு அறை, ஒரே ஒரு குளியலறை. அந்தக் குளியலறையில் நனைந்த கோணிச் சாக்கு ஒன்று சுவரில் சாய்ந்து நின்றது. தம்பிக்கும் எனக்கும் பால்கனியில் வைத்து ஆளுக்கொரு வாளித் தண்ணீர். அப்பா சமையலறைக் குழாயடியில் தலையை நீட்டி நனைத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனார். எங்கள் வீட்டுக்கு வந்த எந்த விருந்தாளிக்கும் இவ்வளவு மரியாதை நடந்ததில்லை. சந்தேகமிருந்தால் மாமாவைக் கேட்கலாம். சாக்கைச் சுமந்து வந்தவர் அவர்தான், அவருக்குத் தரையில் பாய்தான் கிடைத்தது.

மாமா அம்மாவின் தம்பி. திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து டெல்லிக்கு வேலை தேடி வந்தவர், வரும்போது பனங்குருத்து கொண்டுவரும்படி அப்பா கேட்டிருந்தார். இரண்டு ராத்திரி, இரண்டு பகல் ரயில். மேல் பெர்த்தில் சாக்கைப் படுக்கவைத்துவிட்டு, கீழே உட்கார்ந்தபடியே தூங்கி வந்தாராம். ஒவ்வொரு பெரிய ஸ்டேஷனிலும் இறங்கி ஓடி, பாட்டிலில் தண்ணீர் பிடித்து வந்து தெளித்தாராம். சாக்குக்குள் என்ன என்று டிக்கெட் பரிசோதகர் கேட்டபோது, தனக்குத் தெரிந்த இந்தியை எல்லாம் திரட்டி, ‘பூஜா கா பத்தா’, அதாவது பூஜைக்கான இலை, என்று சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு அந்தப் பெட்டியில் ஒருவரும் அந்த பெர்த்தைப் பார்த்துக் காலை நீட்டவில்லை. ஆக்ராவில் ஏறிய ஒரு அம்மாள் சாக்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார் என்று மாமா சொன்னபோது எனக்குப் புல்லரித்துவிட்டது.

அப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். மத்திய அரசில் கிளார்க். சபையில் பன்னிரண்டு வருஷமாகக் கடைசி பெஞ்ச். கூட்டத்தில் வாய் திறந்து பேசியவர் இல்லை. எங்கள் தமிழ்ச் சபைக்குச் சொந்தக் கோயில் கிடையாது. ஒரு பழைய கோயிலில் காலை எட்டு மணி ஆராதனை இங்கிலீஷ்காரர்களுக்கு, பத்து மணி இந்திக்காரர்களுக்கு, வெயில் மண்டையைப் பிளக்கும் மூன்று மணி எங்களுக்கு. குருத்தோலை ஞாயிறன்று சபைச் செயலர் ஏதாவது பார்க்கிலிருந்து ஈச்ச ஓலை வெட்டிக் கொண்டுவருவார். அது கையைக் குத்தும். அந்த வருஷம்தான் அப்பா எழுந்து நின்று, “ஊர்லருந்து பனங்குருத்து கொண்டாரச் சொல்லுதேன்” என்றார். சபையே திரும்பிப் பார்த்தது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அதையே இரண்டு தடவை சொல்லிக்காட்டினார். அவருக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்பது எனக்கே தெரிந்திருந்தது.

வியாழன் சாயங்காலம் சாக்கு வந்ததும் அப்பா அதன் வாயைச் சற்றுப் பிரித்துக் காட்டினார். நாங்கள் எல்லாரும் குளியலறைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றோம். டெல்லியில் பிறந்த நான் பனைமரத்தைப் படத்தில்தான் பார்த்திருந்தேன். ஓலை என்றால் பச்சை என்று நினைத்திருந்தேன். உள்ளே இருந்ததோ வெண்ணெய் நிறம். மூடிவைத்த விசிறிகளைப் போலப் பத்துப் பன்னிரண்டு குருத்து, சில்லென்று, இதுவரை வெயிலையே பார்த்திராத உடம்போடு. ஒரு வாசனை வந்தது. இன்னது என்று என்னால் சொல்ல முடியவில்லை, ஆனால் அம்மா கண்ணை மூடிக்கொண்டார். அன்றிலிருந்து நான் செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் குளியலறைக்குள் போனேன். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

சனிக்கிழமை அப்பாவும் அம்மாவும் கோயிலைக் கழுவிவிடவும் பாட்டுப் பழகவும் காலையிலேயே கிளம்பினார்கள். அம்மா வாசலில் நின்று சொன்னார்: “ஏட்டி, மணிக்கொருக்கா தண்ணி தெளிச்சிரு. சாக்கப் பிரிக்காத. மாமாவ எழுப்பாத.” மூன்று கட்டளைகளில் மூன்றாவதை மட்டும் நான் ஒழுங்காகக் கடைப்பிடித்தேன். ரயில் அலுப்பில் மாமா அடித்துப்போட்டாற்போலக் கிடந்தார்.

என் தரப்பு நியாயத்தையும் கேளுங்கள். அதற்கு முந்தின வாரம் சண்டே ஸ்கூலில் ஒரு படம் காட்டினார்கள். ஏசப்பா கழுதைமேல் வருகிறார், ஜனங்கள் ஓலைகளை வெட்டித் தரையில் பரப்பியிருக்கிறார்கள், கழுதை அதன்மேல் நடந்து வருகிறது. எங்கள் சபையிலோ ஓலையைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, வீட்டுக்கு எடுத்துப்போய்க் காலண்டருக்குப் பின்னால் செருகிவிடுவார்கள். தரையில் ஒரு ஓலைகூட விழாது. பெரியவர்கள் பைபிளைச் சரியாகப் படிக்கவில்லை என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்துபோயிற்று. இந்த வருஷமாவது யாராவது முறையாகச் செய்ய வேண்டாமா?

சாக்கை மொட்டை மாடிக்கு இழுத்துக்கொண்டு போனேன். என்னைவிட அது கனம், படிக்குப் படி நின்று நின்று போனேன். நாலு வயதுத் தம்பி தன் மூன்று சக்கர சைக்கிளைக் கடகடவென்று உருட்டிக்கொண்டு பின்னால் வந்தான். கீழ்வீட்டு சர்தார் பையனும், எதிர்வீட்டு பிஹாரி அக்கா தங்கையும் விஷயம் என்னவென்று பார்க்க வந்து சேர்ந்துகொண்டார்கள். நான் குருத்துகளை விரித்தேன். அவை விசிறி விசிறியாகப் பிரிந்தபோது அந்த மூன்று பேரும் கிட்டே வந்து குனிந்தார்கள். ‘யே அஸ்லி ஹை க்யா?’ என்று அந்த அக்கா மெதுவாகக் கேட்டாள். அசல்தான் என்றேன், நானே நட்டு வளர்த்ததைப் போல.

ஓலை ஓலையாக உரித்துத் தண்ணீர்த் தொட்டியிலிருந்து கொடிக்கம்பிவரை பரப்பினோம். தம்பிதான் ஏசு. முடியாது என்றான், ஒரு பிஸ்கட் பாக்கெட்டுக்குச் சம்மதித்தான். ஜட்டிக்குமேல் அம்மாவின் வெள்ளைத் துப்பட்டாவைச் சுற்றிவிட்டேன். ஊர்வலம் தொடங்குமுன் ஏசு ஒரு தடவை மூச்சா போய்விட்டு வந்தார். அப்புறம் அவன் மிதித்தான், நாங்கள் நாலு பேரும் ‘ஓசன்னா’ என்று கத்தினோம். சர்தார் பையனுக்கு அந்த வார்த்தை ரொம்பப் பிடித்துவிட்டது, தொண்டை கிழிய அவன்தான் கத்தினான்.

அப்போது காற்று அடித்தது. டெல்லியில் ஏப்ரலில் இலவங்காய் வெடிக்கும், தெருவெல்லாம் பஞ்சு பறக்கும். அன்றைக்கு அந்தப் பஞ்சு எங்கள் மாடிக்குமேல், எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல், வெள்ளை வெள்ளையாக இறங்கியது. துப்பட்டாவில், சர்தார் பையனின் கொண்டையில், ஓலைகளின்மேல் எல்லாம் இறங்கியது. யாரும் கத்தவில்லை. தம்பி மிதிப்பதை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தான். மேலிருந்து யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார், அவருக்கு நாங்கள் செய்தது பிடித்துவிட்டது என்று நான் உறுதியாக நம்பினேன். அதற்குப் பிறகு எத்தனையோ கோயில்களில் முழங்கால் போட்டிருக்கிறேன், அப்படி ஒரு நடுக்கம் எனக்கு வரவில்லை.

திரும்பத் திரும்ப ஓட்டினோம். சாப்பிடப் போனோம், வந்தோம், மறுபடி ஓட்டினோம். நாலு மணிக்குத்தான் ஓலைகளை நிதானமாகப் பார்த்தேன். வெண்ணெய் நிறத்தைக் காணோம். ஓரம் பழுத்து, சுருண்டு, விறைத்துக்கிடந்தன. போதாததற்குப் போன மாதத்து ஹோலிப் பொடி மாடித் தரையின் மூலைகளில் இன்னும் ஒட்டியிருந்திருக்கிறது. சைக்கிள் சக்கரம் அதை வாரி, ஓலைக்கு ஓலை ரோஸ் நிறத்தில் கோடு போட்டிருந்தது.

எல்லாவற்றையும் சாக்கில் திணித்து, குளியலறையில் பழையபடி நிறுத்தி, வாளித் தண்ணீரை அப்படியே கவிழ்த்தேன். பிறகு ஈரத்தரையில் முழங்கால் போட்டு ஏசப்பாவிடம் பேசினேன். நீர் எழுந்திருக்க மூன்று நாள் ஆனது, இதற்கு ஒரு ராத்திரி போதாதா என்று கேட்டேன். செய்வார் என்று நம்பித்தான் படுத்தேன்.

அவர் செய்யவில்லை. ஞாயிறு மத்தியானம் அப்பா வெள்ளைச் சட்டையும் எண்ணெய் வைத்த தலையுமாக வந்து சாக்கைப் பிரித்தார். ஓர் ஓலையை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். இன்னொன்றை எடுத்தார். ரோஸ் கோட்டை விரலால் தடவினார். பால்கனியில் நின்ற மூன்று சக்கர சைக்கிளைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். நான் என் செருப்பு வாரைப் பார்த்தேன். சாக்கின் வாயைக் கட்டிவிட்டு, கிளம்பலாம் என்று மட்டும் அம்மாவிடம் சொன்னார். பஸ்ஸில் சாக்கை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே வந்தார். எனக்கு அவர் அடித்திருந்தால் தேவலை என்றிருந்தது.

கோயில் வளாகத்தில் சபை முழுவதும் காத்திருந்தது. ஆஸ்பத்திரி நர்சுகள், ஆபீசர்கள், கட்டட வேலை முடிந்து குடும்பத்தோடு வந்தவர்கள், எல்லாரும் பனங்குருத்து பார்க்க வந்தவர்கள். செயலர் தாமே சாக்கை அவிழ்த்தார். கூட்டம் ‘அச்சச்சோ’ என்றது. அவர் அப்பாவை ஏற இறங்கப் பார்த்து, என்ன ஆயிற்று என்று கேட்டார்.

“நாந்தான் தண்ணி தெளிக்க மறந்துட்டேன்” என்றார் அப்பா.

நான் திடுக்கிட்டு நிமிர்ந்தேன். இந்தச் சிவப்பு என்ன என்று செயலர் விடாமல் கேட்டார். வழியில் கை தவறிக் கீழே போட்டுவிட்டேன், தரையில் கிடந்த கலர் ஒட்டிக்கொண்டது என்றார் அப்பா. செயலர் சிரித்தார். “நான் பார்க்குல ரெண்டு ஈச்ச ஓலை வெட்டியிருப்பேனே தம்பி. ஒமக்கு எதுக்கு இந்த வேல?” என்றார். யாரோ பின்னால் சிரித்தார்கள். அப்பாவின் காது மடல் சிவந்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். செயலர் குனிந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, பிள்ளைகள் ஏதும் விளையாடினார்களோ என்று கேட்டார்.

“பிள்ளைங்க அதத் தொடவே இல்ல” என்றார் அப்பா.

ஒன்று, இரண்டு, மூன்று. நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். சண்டே ஸ்கூலில் படிக்கிற எந்தப் பிள்ளைக்கும் தெரியும், ஏசப்பாவைத் தெரியாது என்று பேதுரு மூன்று பொய் சொன்னதும் சேவல் கூவியது என்று. டெல்லியில் சேவலுக்கு எங்கே போவது என்று நான் ஒரு கணம் ஆறுதல்பட்டேன். அந்தக் கணத்தில், கோயிலுக்குப் பின்னால் இருந்த அரசமரத்திலிருந்து ஒரு மயில் அகவியது. வளாகமே அதிரும்படி, நீளமாக. கடவுள் கையில் கிடைத்ததை வைத்துச் சமாளித்துவிட்டார் என்று எனக்கு விளங்கிப்போயிற்று. அப்பா அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

போதகர் நல்ல மனிதர். இருக்கிற ஓலையை உயர்த்துவோம் என்று சொல்லி, எல்லாருக்கும் தாமே ஒவ்வொன்றாகக் கொடுத்தார். கோயிலைச் சுற்றி நடந்தோம். வெயில் காற்றில் அந்தக் காய்ந்த ஓலைகள் ஒன்றோடொன்று உரசிச் சலசலவென்று பேசின. நான் அப்படி ஒரு சத்தத்தை அதுவரை கேட்டதில்லை. பாடிக்கொண்டிருந்த பெரியவர்கள் ஒவ்வொருவராகப் பாட்டை விட்டுவிட்டு அதைக் கேட்டார்கள். ஒரு நர்சக்கா ஓலையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு நடந்தார். நான் வானத்தையே பார்த்துக்கொண்டு நடந்தேன், அப்பாவின் தலையில் என்ன விழப்போகிறதோ என்று.

அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பா ஆபீசிலிருந்து வரும்வரை பால்கனியிலேயே நின்றேன். பஸ் மோதாமல் ஒவ்வொரு நாளும் அவர் வந்து சேர்ந்தது ஆச்சரியமாக இருந்தது. பெரிய வெள்ளியன்று மூன்று மணி நேர ஆராதனை. பிறத்தியார் குற்றத்தைத் தன்மேல் போட்டுக்கொண்ட ஒருவரைப் பற்றிப் போதகர் உருகி உருகிப் பேசியதாக அம்மா பின்னால் சொன்னார். என் காதில் ஒன்றும் ஏறவில்லை. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு அப்பாவுக்காக மன்றாடிக்கொண்டிருந்தேன். கண்ணீர் கொட்டியது. பக்கத்து பெஞ்ச் பெண்மணி, இந்த வயதில் என்ன பக்தி என்று அம்மாவிடம் சொல்லிப் பூரித்துப்போனார்.

வெளியே வந்ததும் அப்பா தன் கைக்குட்டையால் என் முகத்தைத் துடைத்து, ஏன் இப்படி அழுதாய் என்று கேட்டார். இனியும் மறைத்துப் பயனில்லை என்று தோன்றியது.

“நீங்க கோயில்ல மூணு பொய் சொன்னீங்கல்லப்பா, அதுக்கு ஏசப்பாட்ட மன்னிப்பு கேட்டுட்டேன். மன்னிச்சிருப்பாரு” என்றேன்.

அப்பா கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். சிரிக்கவில்லை. “நல்ல காரியம் செஞ்சம்மா” என்றார்.

எனக்குப் பெரிய பாரம் இறங்கினாற்போல இருந்தது. பஸ் ஸ்டாப்வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டு துள்ளித் துள்ளி நடந்தேன், அப்பாவைக் காப்பாற்றிவிட்ட பெருமையோடு. சைக்கிளைப் பற்றியோ மொட்டை மாடியைப் பற்றியோ எனக்கு ஞாபகமே வரவில்லை.