மேய்க்கால் நிலத்தில் ஒரு குளம்பும் படவில்லை

முத்தாண்டிக்குப்பத்து மேய்க்கால் நிலத்தைக் காக்க மனு எழுதத் தொடங்கியபோது நான் கல்லூரியில் தாவரவியல் துறைத் தலைவன். இந்த வட்டாரத்துச் செடிகளில் என் பதிவேட்டில் ஏறாதது அநேகமாக இல்லை. நான் கையெழுத்திட்ட மனுவை எந்த அலுவலகமும் வாங்க மறுத்ததில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் வருவதற்கு இது தேவை.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நெய்வேலி நகரியத்தில் இயற்கை ஆர்வலர்கள் சிலர் எனக்குப் பாராட்டு விழா வைத்திருந்தார்கள். கும்பகோணத்தில் காலை ஆறு மணிக்கு ஏறிய பேருந்து, சேத்தியாத்தோப்பில் வெள்ளாற்றைக் கடந்து, எட்டே முக்காலுக்கு நெய்வேலி ஆர்ச் கேட்டில் இறக்கிவிட்டது. விழா பதினொன்றுக்கு. நிலத்தைப் பார்த்துத் திரும்ப நேரமிருந்தது. அது ஒரு கிடங்கு நிறுவனத்துக்குக் கைமாறிய பிறகு நான் அங்கே போனதே இல்லை. ஆட்டோக்காரர் போக வர முந்நூற்றைம்பது ரூபாய் கேட்டார்.

"அங்க என்னா சார் இருக்கு? குடோன் தான?"

"நாற்பத்திரண்டு ஏக்கர் புறம்போக்கு இருந்தது."

"அதெல்லாம் எங்க அப்பா காலத்துல சார்."

கைமாறி ஆறு வருடம்தான் ஆகிறது.

ஒன்பதரைக்கு, முந்திரித் தோப்புகளைத் தாண்டி இறங்கினேன். உயரமான சுற்றுச்சுவர், உள்ளே தகரக் கூரைகள். வாயிலில் பெருக்கிக்கொண்டிருந்தவர் அஞ்சலை. முன்பு இருபது ஆடுகள் வைத்திருந்தவர்; நான் அந்த நிலத்திலிருந்து வெளியேற்றிய முதல் ஆள். ஆடு நுழைந்த இடத்தில் துளிர் மிஞ்சாது என்பது என் படிப்பு. மனு மேல் மனு கொடுத்துச் சுற்றிலும் முள்வேலி போடச் செய்தேன். தடைப் பலகையின் வாசகமும் என்னுடையதே.

"வாங்க சார். இப்ப உங்களையும் உள்ள வுடமாட்டாங்க" என்று சிரித்தார்.

"ஆடுகள்?"

"அப்பவே வித்துட்டேன். வேலியச் சுத்திகினு எம்மாந் தூரம் ஓட்டறது? காண்ட்ராக்ட்ல பெருக்கறேன். இப்பத்தான் சார் இங்க என்னை யாரும் தொரத்தறதில்ல."

பிறகு துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கேட்டார்: "அன்னிக்கு அந்த ஆபீசர் வந்தாரே, இது நாங்க மேய்ச்ச எடம்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?"

நான் சொல்லவில்லை. இந்த நிலத்தை யார் பயன்படுத்துகிறார்கள் என்று, கைமாறும் முன் ஆய்வுக்கு வந்த அந்த அதிகாரி என்னிடம்தான் கேட்டார். "இருபது வருடமாக ஒரு குளம்பும் பட்டதில்லை" என்று நிமிர்ந்து நின்று சொன்னேன். அவர் கேட்டபோது எழுதியும் கொடுத்தேன். மேய்ச்சலுக்கென ஒதுக்கிய நிலத்தில் மேய்ச்சல் இல்லை. எனவே நிலத்தின் வகையை மாற்றிக் கிடங்குக்குக் கொடுக்கத் தடையில்லை என்று முடிவாயிற்று. அதை எதிர்த்து நான் அனுப்பிய மனுக்களுக்கெல்லாம் என் கடிதத்தின் நகலே பதிலாக வந்தது.

அஞ்சலையிடம், நேரமாகிவிட்டது என்று மட்டும் சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினேன்.

விழாவில் சால்வை போர்த்தினார்கள். ஆடு மேய்த்தவர்களின் அத்துமீறலால்தான் நிலம் பறிபோனது, ஐயா கடைசிவரை தனியாகப் போராடினார் என்று ஒருவர் பேசினார். கைதட்டினார்கள். ஏற்புரையில் நான் செடிகளைப் பற்றிப் பேசினேன்.

மூன்று மணிப் பேருந்தில் திரும்பினேன். சேத்தியாத்தோப்புக்கு முன்னால் ஒரு மந்தை சாலையைக் கடந்தது. ஓட்டுநர் ஒலிப்பானை அழுத்தாமல், கடைசி ஆடு கடக்கும்வரை வண்டியை நிறுத்தியிருந்தார்.

ஆடு மேய்த்தவர்கள்மேல் பழி போட்ட அந்தப் பேச்சு இப்போது விழா மலரில் அச்சாகியிருக்கிறது. அது தவறு. அந்த நிலத்தில் யாரும் அத்துமீறவில்லை. அங்கே மேய்ப்பது அவர்களுடைய உரிமை. அதைத் தடுத்தவன் நான். ஒரு குளம்பும் படவில்லை என்று எழுதிக் கொடுத்தவனும் நான்.