நாற்பது நிமிட வழி

தபால் ஆபீசில் அவளுக்குச் சக்கரம் என்று பேர். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று ஒரு மேலதிகாரி கிண்டலாகச் சொன்னது ஒட்டிக்கொண்டது. இருபத்தெட்டு வருஷம் கடிதப் பையைச் சுமந்து ஓய்வு பெற்ற பிறகும் அது உதிரவில்லை. மற்றவர்கள் பாதித் தெருவைத் தாண்டுவதற்குள் அவள் காலிப் பையோடு ஆபீசுக்குத் திரும்பி வந்து நிற்பாள். அதில் அவளுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. உழைத்துச் சம்பாதித்த பெருமைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெருமை ஓர் ஆளைக் காவு வாங்கியது. அதைத்தான் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

ஓய்வுக்குப் பிறகு வீட்டில் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. டவுன் பஸ் பிடித்துப் போய்க் கடற்கரையிலும் சதுப்பு நிலத்திலும் நடக்க ஆரம்பித்தாள். நடந்த வழியையெல்லாம் தாளில் எழுதினாள். எந்த நம்பர் பஸ், எங்கே இறங்குவது, கரையில் எந்தப் பக்கம் வழுக்கும், திரும்பி வரக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு, எல்லாம் குண்டுகுண்டான கையெழுத்தில் இருக்கும். நகல் எடுத்து பஸ் நிலைய அறிவிப்புப் பலகையில், ஒவ்வொரு வழிக்கும் ஓர் ஆணி அடித்து மாட்டிவிடுவாள். வேண்டியவர்கள் கிழித்துக்கொண்டு போகலாம். கார் இருக்கிறவன் மட்டும்தான் கடலைப் பார்க்க வேண்டுமா என்பது அவள் கேள்வி. நல்ல கேள்வி. தான் நடந்து பார்க்காத ஒரு வரியைக்கூட அவள் எழுதியதில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் நிமிஷம் போட்டாள். யாருடைய கால் என்பதை மட்டும் எழுதவில்லை.

கூடவே இருந்த அக்கா ஒருமுறை சொல்லத்தான் செய்தாள். ஆசையாகக் கூட நடக்க வந்தவள், முழங்காலைப் பிடித்துக்கொண்டு பாதி வழியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீ என்ன நடக்கக் கூப்பிட்டியா, துரத்தக் கூப்பிட்டியா? ஊரே உன்னை மாதிரி ஓடும்னு நெனச்சு எழுதி வைக்காதடி."

"நிமிஷம் நிமிஷம்தானேக்கா, ஆளுக்கு ஆள் மாறுமா?" என்று சிரித்தாள் சக்கரம்.

அந்தச் சிரிப்பு இப்போது அவளுக்கு ஞாபகம் வரும்போதெல்லாம் சோறு இறங்குவதில்லை.

ஐந்து மாதத்துக்கு முன்னால், ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் மணி அடித்து ஓய்வு பெற்றவர், சதுப்பில் கடல்நீர் ஏறும் நேரத்தில் சிக்கி இறந்துபோனார். மறுநாள் விடிந்ததும் நண்டு பிடிக்கப் போனவர்கள்தான் பார்த்தார்கள். மத்தியானச் செய்தியில் சொன்னார்கள். விபத்து என்று விசாரணையில் எழுதி மூடிவிட்டார்கள். யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை.

கேட்க வந்தது அவருடைய மனைவி. ஒரு நாள் காலையில் கதவைத் தட்டினாள். குள்ளமான, கனத்த அம்மாள். உட்கார்ந்ததும் பையிலிருந்து நனைந்து காய்ந்து மொடமொடத்த ஒரு தாளை எடுத்து விரித்தாள். எழுத்து மங்கியிருந்தாலும் அந்தக் குண்டுகுண்டான கையெழுத்து தெரிந்தது.

"அவர் சட்டைப் பையில இருந்துச்சு. நீங்க எழுதினதுன்னு பஸ் ஸ்டாண்டுல சொன்னாங்க. ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்கம்மா" என்றாள் அந்த அம்மாள். "அதனாலதான் உங்ககிட்ட வந்தேன். நாலரைக்கு எனக்குப் போன் பண்ணினார். பறவை பாக்கற கொட்டகையில இருந்து கெளம்பிட்டேன், நாற்பது நிமிஷ வழி, கடைசி பஸ் அஞ்சு இருபதுக்குத்தான், பத்து நிமிஷம் முன்னாடியே போய் நிப்பேன்னார். அஞ்சு இருபதுக்கு மறுபடியும் போன். பஸ் போயிடுச்சு, குறுக்கே சேத்துல எறங்கி மெயின் ரோட்டுக்கு வந்துடறேன்னார். எனக்கு வந்துச்சே கோபம். எங்க பராக்குப் பாத்துக்கிட்டு நின்னீங்க, அறிவு இருக்கான்னு கத்திட்டு வச்சிட்டேன். அதுதான் கடைசி."

சக்கரம் தாளின் மடிப்பை விரலால் நீவினாள்.

"முப்பது வருஷத்துல மணியை ஒரு நிமிஷம் தாமதமா அடிச்சதில்லை அந்த மனுஷன். அன்னிக்கு மட்டும் எங்க நின்னார்? யாரோட பேசிக்கிட்டிருந்தார்? இது தெரியாம எனக்குத் தூக்கம் இல்லம்மா. அந்த வழியில என்னை ஒரு தடவை கூட்டிட்டுப் போறீங்களா?"

அப்போதே சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் வாய் வேறு எதையோ சொன்னது. "பறவை பாக்கறவங்க அப்படித்தாம்மா, நேரம் போறதே தெரியாம நின்னுடுவாங்க."

செத்தவர் மேல் பழியைப் போட்டுவிட்டு, தேநீர் போட உள்ளே போனாள். கெட்டவள் இல்லை. பயந்தவள். பயம் வந்துவிட்டால் இரண்டுக்கும் அதிக வித்தியாசம் இருப்பதில்லை.

மறுநாள் காலை இருவரும் பஸ் ஏறினார்கள். கடைசி நிறுத்தத்தில் இறங்கி, மெதுவாக நடந்து கொட்டகைக்குப் போய், அங்கே வெகுநேரம் உட்கார்ந்து இளைப்பாறினார்கள். பலகைச் சுவரில் பறவை பார்க்க நீளமான ஓட்டைகள் இருந்தன. அந்த அம்மாள் ஓர் ஓட்டை வழியாகப் பார்த்தாள். வெளியே சேறும் நாணலும்தான் தெரிந்தன. பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"இப்பக் கெளம்பலாம். அவர் எங்க நின்னிருப்பார்னு பாத்துக்கிட்டே வாங்க. எனக்கும் அவருக்கும் ஒரே நடைதான். நாற்பது வருஷம் சேர்ந்து நடந்ததுல ஒருத்தரை ஒருத்தர் முந்தினதில்ல."

சக்கரத்தின் கால்கள் பழக்கதோஷத்தில் முன்னால் ஓடின. திரும்பிப் பார்த்தால் அந்த அம்மாள் தூரத்தில் வந்துகொண்டிருப்பாள். சக்கரம் நின்று காத்திருப்பாள். மறுபடியும் ஓடுவாள். அந்த அம்மாள் சோம்பவில்லை, எங்கும் நிற்கவில்லை, எதையும் வேடிக்கை பார்க்கவில்லை. மூச்சு வாங்க வாங்கத் தலையைக் குனிந்துகொண்டு நடந்துகொண்டே இருந்தாள். அதைப் பார்க்கப் பார்க்க சக்கரத்துக்கு, வேகமாக வாங்கம்மா, தயவு செஞ்சு வேகமாக வாங்க என்று கத்த வேண்டும்போல் இருந்தது.

மதகை அடைந்தபோது அந்த அம்மாள் நின்றாள். அங்கிருந்து பஸ் நிறுத்தம் தீப்பெட்டி அளவில் தெரிந்தது. இடது பக்கம் ஓடைச் சேறு, வெறும் ஈரத்தரைபோல் பளபளத்துக்கொண்டு, மெயின் ரோடுவரை பரந்து கிடந்தது.

"எத்தனை தூரம் வந்திருக்கோம்?"

"பாதிக்கு மேல."

"அம்பது நிமிஷம் ஆயிடுச்சு."

சக்கரமும் தன் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"நாலரையும் அம்பதும் அஞ்சு இருபது" என்றாள் அந்த அம்மாள். "இங்க நின்னுதான் பஸ் போறதைப் பாத்திருக்கார். இங்க இருந்துதான் எனக்குப் போன் பண்ணியிருக்கார்." சேற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவர் எங்கயும் நிக்கலம்மா. நடந்துக்கிட்டேதான் இருந்திருக்கார்."

"அது என் கால் நேரம்" என்றாள் சக்கரம். "என் காலுக்குத்தான் நாற்பது. யோசிக்காம எழுதிட்டேன். மன்னிச்சிடுங்க."

அந்த அம்மாள் மறுபடியும் நடந்தாள். நிறுத்தத்தை அடைய மேலும் முப்பத்தைந்து நிமிஷம் ஆயிற்று. சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கோபமாகக்கூடத் தெரியவில்லை. பிறகு கேட்டாள்.

"உங்க வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி பஸ் ஸ்டாண்டு பலகையைப் பாத்தேன். மத்த வழியெல்லாம் தொங்குது. இந்த வழிக்கு மட்டும் வெறும் ஆணிதான் இருந்துச்சு. தாளை எப்ப எடுத்தீங்க?"

பொய் சொல்ல இன்னொரு வாய்ப்பு. இந்த முறை அவளால் முடியவில்லை.

"செய்தியில கேட்ட அன்னிக்கே. சாயந்தரமே போய் எடுத்துட்டேன்."

"அன்னிக்கேவா." அந்த அம்மாள் தலையாட்டினாள். "ஆஸ்பத்திரியில இருந்து அவரை வீட்டுக்குக் கொண்டு வந்தது அதுக்கு மறுநாள். கூடத்துல கெடத்தியிருந்தாங்க. அந்த முகத்தைப் பாத்துக்கூட நான் திட்டினேன். அஞ்சு மாசமா தினமும் அவர் படத்தைப் பாத்துத் திட்டறேன். நீங்க ஒரு வார்த்தை வந்து சொல்லியிருந்தா..."

முடிக்கவில்லை. பஸ் வந்துவிட்டது.

அந்த அம்மாள் கம்பியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறினாள். பின்னால் சக்கரமும் ஒரு காலைப் படியில் வைத்தாள். அந்த அம்மாள் திரும்பினாள். நனைந்து காய்ந்த தாளை எடுத்து அவள் கையில் திணித்தாள்.

"நீங்க நடந்து வாங்க" என்றாள். "உங்களுக்கு நாற்பது நிமிஷம்தானே."

டிரைவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சக்கரம் காலைக் கீழே வைத்தாள். கதவு மூடிக்கொண்டது.

அடுத்த பஸ்ஸுக்கு நேரம் கிடந்தது. அந்த பெஞ்சில் அவளால் உட்கார முடியவில்லை. வந்த வழியே திரும்பி நடந்தாள். அந்த அம்மாளைப்போல், அந்த மனிதரைப்போல் ஒருமுறையாவது நடக்க வேண்டும் என்று நினைத்தாள். அடியடியாக எண்ணி வைத்துப் பார்த்தாள். மதகுவரை கூட அது நிலைக்கவில்லை. கால்கள் தம்பாட்டுக்குப் போயின, கண்ணீர் தம்பாட்டுக்கு வழிந்தது.

கொட்டகைப் பலகையில் கையை ஊன்றி நின்றபோது, பார்க்கக் கூடாது பார்க்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தாள். நாற்பதுகூட ஆகியிருக்கவில்லை.