ரத்தம் எடுக்க வந்த பம்மல்காரி

வீடு வீடாகப் போய் ரத்தம் எடுப்பது என் வேலை. காலையில் காபிகூடக் குடிக்காத மனிதர்களைத்தான் தினமும் பார்க்கிறேன். அந்த நேரத்தில் யாருக்கும் நாசூக்காகப் பேச வராது. கூரியர், சிலிண்டர், வாட்டர் கேன் என்று காலிங் பெல் அடித்துப் பிழைக்கும் உங்கள் எல்லோருக்கும் இது தெரிந்ததுதான். எனக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். அப்பா கென்யாவிலிருந்து தாம்பரத்துக்குப் படிக்க வந்தவர், அம்மா பம்மல். பார்க்க அப்பா மாதிரி இருப்பேன், பேசினால் அம்மாவேதான்.

கேட்டில்

சேலையூரில் ஒரு அபார்ட்மென்ட். வாட்ச்மேன் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "பாஸ்போர்ட்?" என்றார். "அண்ணா, நான் பம்மல். மூணாவது மாடி சாருக்கு ரத்தம் எடுக்கணும். காபி குடிக்காம காத்துகினு இருப்பாரு, கேட்டைத் தொறங்க" என்றேன். மனிதருக்கு ஒரே சந்தோஷம். உடனே இண்டர்காமை எடுத்தார்.

"சார், ஆப்பிரிக்காலேர்ந்து ஒரு அம்மா வந்து கீது. இன்னாமா தமிழ் கத்துகினு கீது தெரியுமா?"

ஊசி கையில் இருக்கும்போது

அனகாபுத்தூரில் ஒரு ரிடையர்டு டீச்சர். அன்பானவர்தான். ரப்பர் பட்டையைக் கட்டி நான் நரம்பைத் தேடும்போது ஆரம்பித்தார். அப்பா எங்களோடு இருக்கிறாரா, அம்மா வீட்டில் சேர்த்துக்கொண்டார்களா, எனக்கு மாப்பிள்ளை எப்படிக் கிடைக்கும்? ஊசி கையில் இருக்கும்போது கோபப்படக் கூடாது. நான் கோபப்பட்டேன், ஆனால் ஊசியைச் சரியாக நரம்பில் இறக்கினேன். பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னார்:

"நல்ல பொண்ணாத்தான் இருக்கே. உங்கம்மா கொஞ்சம் யோசிச்சிருக்கலாம்."

மேனேஜர் சாரின் அக்கறை

'அடுத்த தடவை வேற ஆளை அனுப்புங்க' என்று சில வீடுகளிலிருந்து லேபுக்குப் போன் போயிருக்கிறது. நான் என்ன தப்பு செய்தேன் என்று மேனேஜரைக் கேட்டேன். தப்பு ஒன்றும் இல்லையாம். ஆனால் இன்னொரு போன் வந்தால் வீடுகளுக்கு அனுப்ப முடியாதாம். உள்ளே உட்கார்ந்து டியூபுக்கு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டியதுதானாம்.

விடியும்போது வண்டியை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போவது எனக்குப் பிடிக்கும். என்னை எதற்கு ஒளித்துவைக்க வேண்டும் என்று அழுகையே வந்துவிட்டது. சார் கெட்டவர் இல்லை, அதுதான் சங்கடம்.

"உனக்காகத்தான் சொல்றேன் ரூத். உள்ளே ஏசி இருக்கு, வெயில்ல அலைய வேண்டாம், யார் கண்ணுலயும் பட வேண்டாம்."

பொழிச்சலூர் போன்

அடுத்த வாரமே போன் வந்தது. பொழிச்சலூரில் மாசமாயிருக்கும் ஒரு பெண்ணுக்கு முன்பு ஒரு முறை ரத்தம் எடுத்திருந்தேன். அவளுடைய அம்மா லேபில் பேசினாராம். "என்னன்னு தெரியல, உன்னையே நேர்ல வரச் சொல்றாங்க" என்றார் மேனேஜர். திட்டத்தான் கூப்பிடுகிறார்கள், வேலை போச்சு என்று நினைத்துக்கொண்டு போனேன்.

கதவைத் திறந்தவர் அந்தப் பெண்ணின் கணவர். நைஜீரியாக்காரர், சிறுசேரியில் வேலை. போன தடவை வீட்டில் இல்லை. ரத்தம் எடுத்து முடிக்கும்வரை அந்தப் பெண்ணின் அம்மா என் தலைமுடியையே பார்த்துக்கொண்டிருந்தார். "குழந்தை பொறக்கிறவரைக்கும் நீங்களே வாங்க, லேப்ல சொல்லிடறேன்" என்றார். எனக்கு மூச்சு வந்தது. வாசல்வரை கூடவே வந்தவர், மருமகன் காதில் விழாமல் கேட்டார்:

"பேரப்பிள்ளை உங்க மாதிரி பொறந்தா, அந்த முடிக்கு என்ன எண்ணெய் வைக்கணும்மா? எப்படிச் சீவணும்? இப்பவே தெரிஞ்சு வச்சுக்கிறேன்."

இத்தனை வாசல்களில் என்னை எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டிருக்கிறார்கள், ஆனால் கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்து நின்றவர் அவர் ஒருவர்தான்.