சேஃப்டி சார் கழற்றிக்கொண்டு போன செயின்

செல்வம் போன் செய்தபோது நான் மேற்குத் தாம்பரம் கொட்டகையில் டயருக்குக் காற்று பார்த்துக்கொண்டிருந்தேன். "அக்கா, நம்ம சேஃப்டி சார் போய்ட்டாரு. காலையில பேப்பர் படிச்சிக்கினே சேர்ல சாஞ்சாராம், அவ்ளோதான்" என்றார். நம் சங்கத்தின் பொருளாளர் செல்வம் மென்மையான மனிதர். நான் "அப்படியா" என்று சொல்லிவிட்டு அடுத்த டயருக்குப் போனேன்.

அடக்கம் முடிந்த பிறகு அவரே நேரில் வந்து, சங்கத்தின் நினைவு மலரில் சார் பற்றி நான் எழுத வேண்டும் என்றார். "அவர்கிட்ட அதிகமா பேசுனது நீங்கதானே அக்கா?" என்று கேட்டார். பேசவில்லையப்பா, சண்டை போட்டேன் என்றேன். "அப்ப அதையே எழுதுங்க" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். எழுதியிருக்கிறேன். ஒரு வரியையும் வெட்டக் கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்கிய பிறகுதான் பேனாவைத் திறந்தேன்.

மலர் நம் வீட்டுப் பிள்ளைகள் கைக்கும் போகும் என்பதால் தொழிலை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். கல்யாணம், கோயில் திருவிழா, சர்ச் கூட்டம் எதுவானாலும் குரோம்பேட்டையிலிருந்து கூடுவாஞ்சேரி வரை ஜெனரேட்டர் வாடகைக்கு விடுகிறவர்கள் நாம். சக்கரம் வைத்த டிராலியில் ஜெனரேட்டர் உட்கார்ந்திருக்கும். டிராலியின் மூக்கில் ஓர் இரும்பு ரிங். அதை வேனின் பின்கொக்கியில் மாட்டி இழுத்துப் போவோம். ரிங் கழன்றாலும் டிராலி ஓடிவிடாமல் பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் ஒரு செயின். கரண்ட் போகாத நாளே இல்லை என்று ஆகிவிட்ட இந்தக் காலத்தில் நம் பிழைப்பு அந்த ரிங்கிலும் செயினிலும்தான் தொங்குகிறது.

ஜெபராஜ் என்ற பெயரை அவருடைய அஞ்சலி போஸ்டரில் பார்த்த பிறகுதான் பலருக்குத் தெரிந்திருக்கும். நமக்கு அவர் சேஃப்டி சார். கிண்டியில் ஒரு தொழிற்சாலையில் வண்டிகளுக்குப் பொறுப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சேலையூரில் சொந்தமாக டிராலிகள் வாங்கி விட்டுத் தொழிலுக்கு வந்தார். வந்த வேகத்தில் நம் சங்கச் செயலாளரும் ஆனார். வணக்கம் சொல்வதற்கு முன் அடுத்தவன் வண்டியின் டயரை ஷூ காலால் உதைத்துப் பார்ப்பது அவர் பழக்கம். உதைத்துவிட்டு உதட்டைப் பிதுக்குவார். அதற்குப் பிறகுதான் வணக்கம் வரும்.

குரோம்பேட்டை மண்டபம் ஒன்றில் என் டிராலியை இப்படித்தான் உதைத்தார். பெண்ணின் அப்பா பக்கத்தில் நின்றிருந்தார். சார் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "பத்திரிகை எல்லாருக்கும் வச்சிட்டீங்களா? எமனுக்கும் ஒண்ணு வச்சிடுங்க. இந்த மொட்டை டயர்ல அவர்தான் ஏறி வரப்போறார்" என்றார். அந்த டயர் மொட்டை இல்லை. மேல் வரிகள் ஓரளவு தேய்ந்திருந்தன, அவ்வளவுதான். பெண்ணின் அப்பா முகம் கறுத்து, வேறு ஜெனரேட்டர் பார்த்துக்கொண்டார். வந்தது யாருடையது என்று கேட்காதீர்கள், சேலையூர் டிராலிதான்.

அவர் சொன்னவை பொய் என்று நான் எழுதினால் எனக்கே அடுக்காது. மாதக் கூட்டங்களில் அவர் பாடம் எடுப்பார். "டிராலி டயர் ஓடிக் கெடுறதைவிட நின்னு கெடுறதுதான் அதிகம். வெயில்ல நிறுத்தாதீங்க, சைடுல வெடிப்பு விழும்" என்பார். "ஓடி வந்த சூட்டோட காத்து பார்க்காதீங்க. ஆறின டயர்தான் உண்மை பேசும்" என்பார். கேபிள் கட்டையும் டீசல் கேனையும் டிராலியின் பின்பக்கம் ஏற்றினால் மூக்கு தூக்கிக்கொண்டு வால் ஆட்டும், பாரம் கொஞ்சம் முன்னால் சாய்ந்திருக்க வேண்டும் என்று கரும்பலகையில் படம் போட்டுக் காட்டுவார். எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று சொல்வார்: "வெல்டு வச்ச ரிங்கை நம்பவே நம்பாதீங்க. விரிசல் விட்டா தூக்கிப் போட்டுட்டுப் புதுசு மாட்டுங்க." நாமெல்லாம் தலையாட்டினோம். நான் இன்றும் அப்படித்தான் செய்கிறேன். நல்ல வார்த்தைகள்தான், சொன்ன வாய்தான் சரியில்லை.

இனி என் தம்பி யூசுஃபின் கதைக்கு வருகிறேன். அனகாபுத்தூரில் நாங்கள் ஒரே கூரையின் கீழ் வளர்ந்தவர்கள். என் வேனை அவன்தான் ஓட்டினான். கிளம்புவதற்கு முன் வண்டியைச் சுற்றி வந்து, குனிந்து, செயினை இழுத்துப் பார்த்து, "பிஸ்மில்லா" சொல்லி ஏறுகிறவன். அந்த முகூர்த்த நாளில் என் டிராலிகள் எல்லாமே வெளியே போயிருந்தன. கூடுவாஞ்சேரி கல்யாணத்துக்காகச் சாரின் டிராலி ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். யூசுஃப் சேலையூர் போய் மாட்டிக்கொண்டு கிளம்பினான். இரும்புலியூர் பாலத்து இறக்கத்தில் டிராலி வேனை விட்டுப் பிரிந்தது. தனியாக ஓடி, ஓரத்தில் பூ விற்றுக்கொண்டிருந்த கன்னியம்மா மீது சாய்ந்தது. அந்த அம்மாவின் கால் முறிந்துவிட்டது. யூசுஃப் வேனை அப்படியே போட்டுவிட்டு, ஓர் ஆட்டோவை மறித்து, அவரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான்.

செய்தி கேட்டு நான் போய்ச் சேர்ந்தபோது சார் எனக்கு முன்பே வந்திருந்தார். வேனின் பின்னால் குந்தி உட்கார்ந்து எதையோ கழற்றிக்கொண்டிருந்தார். கொக்கியில் ரிங் இருந்தது. ரிங்கோடு டிராலியின் மூக்குத் துண்டு, அதிலிருந்து தொங்கும் செயின், செயினின் மறுமுனை வேனில் பத்திரமாக மாட்டியபடி. அதாவது யூசுஃப் எல்லாவற்றையும் மாட்டித்தான் இருந்தான். டிராலியின் மூக்குதான் பழைய வெல்டில் விட்டுப்போயிருந்தது. செயினையும் அந்த ஒட்டுப் போட்ட மூக்கிலேயே கோத்திருந்தார்கள். மூக்கு போனபோது செயினும் அதோடு போய்விட்டது. சார் அத்தனையையும் கழற்றித் தன் ஸ்கூட்டர் டிக்கியில் போட்டு மூடினார். "என் டிராலி சாமான், நூர்ஜஹான். ரோட்ல கிடந்தா எவனாவது தூக்கிட்டுப் போயிடுவான்" என்றார். ஜாக்கிரதையான மனிதர் என்றுதான் அந்த நிமிஷத்தில் எனக்குத் தோன்றியது.

போலீஸ் வந்தபோது வேனின் கொக்கி வெறுமையாக இருந்தது. "டிரைவர் மிஸ்டேக். கொக்கிக்குப் பூட்டுப் பின் போடல, செயினும் மாட்டல. மோதின வேகத்துல மூக்கு உடைஞ்சு ரிங்கும் செயினும் எங்கேயோ தெறிச்சிருக்கும்" என்று சார் சொன்னார். சேஃப்டி சார் சொன்னால் மறுபேச்சு ஏது? டிரைவரின் அக்கா நான் சொன்னதை அவர்கள் காதில் வாங்கவே இல்லை. யூசுஃப் ஆஸ்பத்திரி வராண்டாவில் இருந்தான், சட்டையெல்லாம் சாமந்தி. வழக்கு அபராதத்தோடு முடிந்தது. முடியாதது வேறு.

அடுத்த சங்கக் கூட்டத்தில் நான் எழுந்து நின்றேன். நான் கண்ணால் பார்த்ததைச் சொன்னேன், அந்த டிக்கியைத் திறக்கச் சொல்லிக் கேட்டேன். சார் கோபப்படவே இல்லை. மைக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, "அம்மா, உங்க பாசம் எனக்குப் புரியுது. கூடப் பொறந்தவனை யாரும் விட்டுக்கொடுக்க மாட்டாங்க" என்றார். கூட்டம் கைதட்டியது. கைதட்டியவர்களில் இதைப் படிக்கிறவர்களும் உண்டு. அதே மேடையில் அவர் பாடத்தை ஆரம்பித்தார்: "வண்டி எடுக்கிறதுக்கு முன்னாடி குனிஞ்சு செயினைப் பாருங்க. இல்லேன்னா இன்னொரு யூசுஃப் ஆயிடும்."

அவ்வளவுதான், ஒட்டிக்கொண்டது. சானட்டோரியத்திலிருந்து வண்டலூர் வரைக்கும் டிரைவர்கள் வாயில் அது புழங்க ஆரம்பித்தது. செயின் மாட்ட மறந்தால் "யூசுஃப் பண்ணிட்டியா?" என்றார்கள். நட்டு லூசாக இருந்தால் "யூசுஃப் ஆயிடப் போவுது, டைட் பண்ணு" என்றார்கள். என் கொட்டகைக்கு வந்த பஞ்சர்க்காரர் ஒருவர் என்னிடமே சொன்னார். யூசுஃப் என்றால் ஏதோ இங்கிலீஷ் வார்த்தை என்று நினைத்திருந்தாராம் பாவம்! வேன் வேலைக்கு அவனை ஒருவரும் கூப்பிடவில்லை. என் வேனைக் கொடுத்தால் அவனே ஏற மாட்டேன் என்றான். இப்போது பொத்தேரியில் மாணவர் விடுதி ஒன்றுக்கு வாட்ச்மேன். கேட் திறந்து மூடுகிறான். எந்த நேரமும் வண்டி ஓட்டிய கை அது.

ஒரே ஒரு முறை சார் என் கொட்டகைக்குத் தானாக வந்தார். ஆச்சரியம், எந்த டயரையும் உதைக்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து டீயை வாங்கிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி, "எல்லா டிராலிக்கும் புது மூக்கு போட்டுட்டேன், நூர்ஜஹான். செயினைத் தனியா ஃப்ரேமுக்கே மாட்டிட்டேன்" என்றார். அப்படியென்றால் பழையது என்ன ஆனது என்று அவர் வாயாலேயே சொல்கிறார், பாருங்கள். "ரொம்ப சந்தோஷம் சார். இதையே கூட்டத்துல சொல்லிடுங்க" என்றேன்.

"இந்த வயசுல என்னைக் கேவலப்படுத்தணுமா?"

"யூசுஃபுக்கு எந்த வயசுல கேவலம் வந்தா பரவால்லன்னு நெனச்சீங்க?"

டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். கடைசி வரை எந்தக் கூட்டத்திலும் அவர் அதைச் சொல்லவில்லை. மேடை ஏறினார், மாலை வாங்கினார், செயினைப் பாருங்கள் என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தார். மனிதர் நெஞ்சில் ஈரம் இருந்தது என்று சிலர் இந்த மலரில் எழுதியிருப்பீர்கள். இருந்திருக்கலாம். என் தம்பிக்கு அதில் ஒரு சொட்டும் கிடைக்கவில்லை.

அடக்கத்தன்று நான் போனேன். போகாமல் இருந்தால் அதற்கும் ஒரு பேச்சு வரும். யூசுஃபும் பொத்தேரியிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தான், சலவைச் சட்டையோடு. ஏன்டா வந்தாய் என்றேன். "சாவு வூட்டுக்கு வராம எப்டிக்கா?" என்றான். ஜெபம் முடிந்து எல்லோரும் கலைந்தபோது, பந்தலுக்கு வந்த டிராலியை ஒரு டிரைவர் வேனில் மாட்டிக்கொண்டிருந்தார். நடுத்தர வயது, முகம் எங்களுக்குப் புதிது. பக்கத்தில் நின்ற யூசுஃபைப் பார்த்து, "பாய், அந்தச் செயின மாட்டி வுடேன், யூசுஃப் ஆயிடப் போவுது" என்றார். யூசுஃப் குனிந்தான். செயினை மாட்டினான், இழுத்துப் பார்த்தான். "ஆச்சு, போங்க" என்றான்.

பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும்போது நான் கத்தினேன். அந்த ஆளின் சட்டையைப் பிடித்திருக்க வேண்டாமா, நான்தான் யூசுஃப் என்று சொல்லியிருக்க வேண்டாமா என்று கேட்டேன். அவன் என்னைச் சமாதானப்படுத்தப் பார்த்தான். "உட்ருக்கா. எம்பேர சொல்லியாச்சும் செயின மாட்றானுங்கல்ல? கன்னியம்மா மாதிரி இன்னொரு அம்மா வுழாம கீதுல்ல? இருந்துட்டுப் போவட்டும்" என்றான். அவன் சொன்னதைச் சொன்னபடி இங்கே போட்டிருக்கிறேன். அவனுடைய பெரிய மனசுக்கு அல்லாஹ் கூலி கொடுக்கட்டும். எனக்கு அந்த மனசு கிடையாது, வேண்டவும் வேண்டாம்.

அது அவன் ஒருவன் விட்டுக்கொடுத்துவிடக்கூடிய பெயரும் இல்லை. அவன் பிறந்த அன்று எங்கள் அத்தா ஈரம் காயாத பிள்ளையைக் கையில் ஏந்தி, காதில் பாங்கு சொல்லி, ஆசையாக வைத்த பெயர். அத்தாவின் முழங்கையைப் பிடித்தபடி நான் பக்கத்தில் நின்று கேட்டேன். இன்றைக்கு அது ஒரு தப்பின் பெயர்.

இந்த மாதிரிக் கட்டுரையை முடிக்கும்போது, மறைந்தவரிடமிருந்து நாம் எதை எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்ல வேண்டுமாம். செல்வம் சொன்னார். யோசித்துப் பார்த்தேன். வெல்டு வைத்த ரிங் ஒன்று நேற்று பழுதுக்காக என் கொட்டகைக்கு வந்தது. தூக்கி ஓரமாகப் போட்டுவிட்டு, வேலையாட்களைக் கூப்பிட்டு, இனிமேல் இதற்கு இங்கே பெயர் ஜெபராஜ் என்று சொல்லியிருக்கிறேன். "ஜெபராஜ் இருக்கான்னு பார்த்துட்டு வண்டிய எடு" என்று இன்று காலையே ஒருவர் இன்னொருவரிடம் சொன்னார். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அதுதான்.