புள்ளடி

வவுனியாவில் ஒரு சிறிய ஆய்வு அலுவலகத்தில் தரவுகளை வரைபாக்குவது என் வேலை. புளியங்குளத்தைச் சுற்றியுள்ள கிணற்று நீர் பற்றியும் சிறுநீரக நோய் பற்றியும் ஓர் ஆய்வு நடந்தது. வீடு வீடாகப் போய் விபரம் திரட்டியவர் ஓர் அக்கா. அவருடைய தாயும் தகப்பனும் மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து வந்து வன்னியில் காடு வெட்டிக் குடியேறியவர்கள். அக்காவின் கணவரும் நோயாளி. எங்கள் பட்டியலில் அவருக்கும் ஓர் இலக்கம் இருந்தது.

முதல் வரைபைத் திரையில் போட்டபோது அக்கா கதிரையை இழுத்து என் பக்கத்தில் அமர்ந்தார். ஆளுக்கொரு குறி. நோயில்லாதவருக்கு வெற்று வட்டம், சிகிச்சை பெறுபவருக்கு முக்கோணம், ஊரை விட்டுப் போனவருக்குக் கூட்டல், இறந்தவருக்குப் பெருக்கல் குறி போன்ற புள்ளடி. கணினி நிரல் தானாகவே வரிசைப்படி கொடுத்த குறிகள் அவை. எந்தக் குறி எதற்கு என்று மூலையில் ஒரு சிறு பெட்டி சொல்லும். அக்கா அதில் விரலை வைத்தார்.

"தங்கச்சி, செத்த ஆக்களுக்கு ஏன் புள்ளடி? பிழையான கணக்குக்கு ரீச்சர் போடுற மாதிரி."

"கொம்பியூட்டர் போட்டதக்கா."

"மாத்தேலாதோ?"

"ஏலும்."

நிரலில் ஒரு வரிதான். இறந்தவருக்கு உள்ளே நிரப்பிய கறுப்பு வட்டம் கொடுத்தேன். குறிகள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கி விழுந்ததால் அவற்றைச் சிறிதாக்கி வெளிறச் செய்தேன். பெட்டிக்குள்ளும் அவை மங்கிவிட்டன. பிறகு பெட்டிக்கு மட்டும் தனியாகக் கட்டளை எழுதி, அங்கே பெரிதாக, கருமையாகத் தெரிய வைத்தேன். எனக்குப் பெருமையாக இருந்தது.

"இது பரவாயில்லை," என்றார் அக்கா.

மாரி தொடங்கிய கிழமை அவருடைய கணவர் ஆஸ்பத்திரியில் இறந்தார். செத்த வீட்டுக்குப் போய் வந்த மறுநாள், அறிக்கை அனுப்புமுன் பட்டியலைத் திருத்தச் சொன்னார் பொறுப்பாளர். வழக்கமாக அந்த மாற்றங்களைக் கொண்டு வருபவர் அக்காதான். அன்று நானே அந்த இலக்கத்தைத் தேடி, 'சிகிச்சை' என்பதை அழித்து 'இறப்பு' என்று தட்டினேன். நிரலை ஓடவிட்டதும் ஒரு முக்கோணம் போய்விட்டது. வெளியே போய் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

முப்பத்தோராம் நாள் சடங்கு கழிந்து அக்கா வேலைக்கு வந்தார்.

"அவர் எதெண்டு காட்டுங்கோ, தங்கச்சி."

தேடினேன். அவருடைய புள்ளிக்கு மேல் வேறு மூன்று விழுந்திருந்தன.

"இதுக்குள்ளதானக்கா."

அக்கா குனிந்து பார்த்தார். பிறகு பெட்டியிலிருந்த பெரிய கறுப்பு வட்டத்தைத் தொட்டார்.

"இதோ?"

"அது ஒராள் இல்லையக்கா. செத்தவை எல்லாருக்கும் உள்ள அடையாளம்."

"எல்லாருக்கும் ஒண்டுதானோ," என்றார். தண்ணீர் எடுக்கும் போத்தல்களைப் பையில் அடுக்கிக்கொண்டு எழுந்தார்.

அவருக்காக ஒரு பிரதியில் அந்த ஒரு புள்ளியை மட்டும் மேலே கொண்டுவந்து காட்டியிருக்கலாம். சில வரிகள் போதும். அக்காவின் சைக்கிள் வீதிக்கு ஏறிய பிறகுதான் அது எனக்குத் தோன்றியது. அவர் மறுபடி கேட்கவில்லை.