மருத்துநீரோடு இறங்கிய பாரம்

பிள்ளையாரை நம்பி வாழும் அன்பர்களே, யுத்த வருடங்களில் ஒரு சித்திரைப் பிறப்பின்போது எனக்குக் கிடைத்த உதவியை எழுதுகிறேன். எதையும் கூட்டிச் சொல்லவில்லை.

எங்கள் வீடு பெரிய வாவி ஒன்றின் கரையில், குருக்கள்மடம் என்ற ஊரில். நெல் களஞ்சியம் ஒன்றில் மூடைக் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மூடைகள் போனபின் பயங்களை எண்ணத் தொடங்கினேன். அந்தப் பங்குனிக் கடைசியில் என் இளைய மகள் சுகிர்தாவுக்கு ஆசிரியர் நியமனம் வந்தது. நாலு வருடம் காத்திருந்த வேலை. பள்ளிக்கூடம் வாவிக்கு அப்பால், படுவான்கரையில். இக்கரையில் இராணுவம், அக்கரையில் இயக்கம், நடுவில் 'பாதை' என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகு. புதுவருட விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் அன்று பொறுப்பேற்காவிட்டால் நியமனம் கைவிட்டுப் போய்விடும்.

"நீங்க ஓம் எண்டு சொல்லாம நான் போகமாட்டன் அப்பா" என்றாள்.

ஓம் என்று சொல்ல வாய் வரவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் மனம் வரவில்லை. பாதை கவிழலாம். சென்ரியில் இராணுவம் மறிக்கலாம். ஷெல் விழலாம். காய்ச்சல் வந்தால் அங்கே மருந்து கிடைக்காமல் போகலாம். பதின்மூன்று ஆபத்துகளை வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் முதலாவது ஆபத்திலிருந்து மீண்டும் தொடங்கும்.

மனைவி வள்ளியம்மை வருடப்பிறப்புக்காக வீட்டைத் துப்புரவாக்கிக்கொண்டிருந்தாள். உடைந்த சட்டிகளை வேலியோரம் கொட்டிவிட்டு வந்து என் முன்னால் நின்றாள்.

"இஞ்சருங்க, வீட்டுக் குப்பைய நான் அள்ளிப் போட்டுட்டன். உங்கட தலைக்குள்ள கிடக்கிறத ஆரு அள்ளுற?"

"பன்னிரண்டாவதை உனக்குச் சொன்னனா?" என்று கேட்டேன்.

"அது நேத்தே சொல்லிட்டீங்க அப்பா. பதின்மூண்டுதான் புதுசு" என்றாள் மகள், உள்ளேயிருந்து.

கோயிலுக்குப் போனேன். மகளுக்கு இக்கரையில் இடமாற்றம் கிடைக்க வேண்டும் என்று கேட்கத்தான் போனேன். ஆனால் கைகூப்பி நின்றபோது என் வாயில் வந்தது அந்த வரிசைதான். பிள்ளையாருக்கே ஆபத்துகளை ஒவ்வொன்றாக ஒப்புவித்துக்கொண்டிருந்தேன். பாதியில் அலுத்துவிட்டது. "அப்பனே, இதையெல்லாம் நீ எடுத்துக்கொள். பிள்ளையை நீ பார். என்னால் இனி ஏலாது" என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்தும் ஒரு மாற்றமும் இல்லை. அதையும் எழுதத்தான் வேண்டும்.

வருடப்பிறப்பு வந்தது. வழக்கம்போல இரண்டு பஞ்சாங்கமும் இரண்டு நேரம் சொல்லின. முழுகுமுன் உச்சியில் மருத்துநீர் என்னும் மூலிகைத் தண்ணீர் வைக்கும்போது தலையில் எந்த இலை, காலின் கீழ் எந்த இலை என்பதிலும் இரண்டும் ஒத்துப்போகவில்லை. வீட்டுக்கு மூத்தவன் நான்தான் எல்லோருக்கும் வைக்க வேண்டும். இரண்டையும் மனப்பாடம் செய்திருந்தேன். அதுதான் பிழை. கோயிலில் வாங்கிய மருத்துநீரைச் சுகிர்தாவின் உச்சியில் வைத்த பிறகுதான் கண்டேன்: தலைக்குரிய இலை அவளுடைய காலின் கீழ் கிடந்தது. காலுக்குரியது தலையில் இருந்தது.

வள்ளியம்மை வாயில் கை வைத்தாள். எங்கள் பக்கத்தில் இதைச் சின்னப் பிழை என்று யாரும் சொல்லமாட்டார்கள். படுவான்கரைக்குப் போக இருக்கிற பிள்ளை.

சுகிர்தா காலைத் தூக்கிப் பார்த்தாள். "பரவாயில்ல அப்பா. என்ன கெட்டது வந்தாலும் மிதிச்சிக்கிட்டுப் போறன்" என்று சொல்லிச் சிரித்தாள். மருத்துநீர் அவள் மூக்கில் வழிந்தது.

பதினான்காவது பயம் வரும் என்று செம்பைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். வரவில்லை. பழைய பதின்மூன்றையும் தேடினேன். இருந்தன. ஆனால் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வரவில்லை. வாவியில் காற்று விழுந்தபின் தண்ணீர் கிடக்குமே, அப்படிக் கிடந்தது மனம். அப்படி ஒரு அமைதியை நானாகச் செய்துகொள்ளக்கூடியவன் இல்லை என்பது என்னோடு வாழ்ந்தவர்களுக்குத் தெரியும்.

"ஓம், போ மகள்" என்றேன்.

அன்று மாலை குருக்களிடம் இலை மாறியதைச் சொன்னேன். "பிள்ளையாருக்கு ஒரு அறுகம்புல்லு போதும். நீங்க எந்த இலைய எங்க வெச்சீங்க எண்டு அவர் பார்த்துக்கிட்டு இருக்கிறாராக்கும்!" என்றார்.

பள்ளி திறந்த அன்று மகளைத் துறைக்குக் கூட்டிப்போனேன். சென்ரியில் பையைக் கிளறினார்கள், விட்டார்கள். பாதை அக்கரையில் முட்டும்வரை நின்றேன். வீட்டுக்கு வந்து சோறு கேட்டு வாங்கித் தின்றேன்.

யுத்தம் அதன்பிறகும் நடந்தது. ஒருமுறை ஷெல்லடியில் பாதை ஓடாமல் அவள் அக்கரையிலேயே தங்க வேண்டியதாயிற்று. அப்போது பயந்தேன். ஆனால் அது ஒரே ஒரு பயம். அதைக் கோயிலில் கொண்டுபோய்ச் சொல்ல முடிந்தது. அவள் வந்து சேர்ந்தாள். அந்த வேலையில் நிலைத்தாள்.

அன்பர்களே, எல்லோருடைய பிள்ளைகளும் திரும்பி வரவில்லை என்பது எனக்குத் தெரியும். அதற்கான விளக்கம் என்னிடம் இல்லை. எனக்குக் கிடைத்ததை மட்டும் சொல்கிறேன். வருடம் பிறக்குமுன் வீட்டைக் கூட்டுகிற நாளில் ஒருதரம் அவன் முன் போய் நில்லுங்கள். தாங்க ஏலாததைத் தாங்க ஏலாது என்று சொல்லுங்கள். உடனே ஒன்றும் நடக்காவிட்டாலும் வீட்டுக்கு வந்து உங்கள் வேலையைப் பாருங்கள். அவன் கேட்டிருப்பான்.