வேப்பிலை கட்டிய வாசலுக்கு உள்ளே

காற்று கூரையைப் பிய்க்கத் தொடங்கிய உடனேயே மகளைத் தூக்கிக்கொண்டு நான் ஏன் கீழே இறங்கவில்லை? 

மதுரையில் ஒரு வீட்டின் மாடியில் வாடகைக்கு இருந்தோம். மேலே தகரக் கூரை. கீழே வீட்டுக்கார அக்கா. புயல் வருகிறது என்று இரண்டு நாளாகக் கைப்பேசியில் எச்சரிக்கை வந்துகொண்டே இருந்தது. கணவரிடம் காட்டினேன்.

"கடல் எங்க கெடக்கு, மதுரை எங்க கெடக்கு? நீ செய்தியப் பாக்காம இருந்தாலே பாதிப் புயல் போயிரும்" என்று சிரித்துவிட்டு மேலூருக்கு வேலைக்குப் போனார்.

மதியத்துக்குள் வானம் கறுத்துவிட்டது. எட்டு மாத மகள் சேலைத் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். தொட்டிலைக் கூரை தாங்கும் இரும்புக் குழாயில் கட்டியிருந்தோம். யாரும் ஆட்டாமலே அது ஆடத் தொடங்கியது. பார்த்துக்கொண்டே நின்றேன்.

கீழ்வீட்டு வாசலில் வேப்பிலை கட்டியிருந்தது. கல்லூரியில் படிக்கும் அக்காவின் மகளுக்கு அம்மை போட்டு ஐந்து நாள். அதற்காக மாடியில் நானும் தாளிப்பதை நிறுத்தியிருந்தேன். என் மகளுக்கு அம்மைத் தடுப்பூசி போடும் வயது ஆகவில்லை. அம்மை தொற்றும் என்று படித்தவள் நான். வெளியாள் உள்ளே போனால் அம்மனுக்கு ஆகாது என்று பயப்படுகிறவளும் நான்தான்.

வாடிப்பட்டியிலிருந்து அத்தை, கணவரின் அம்மா, போன் செய்தார். "ஏத்தா, அந்த வாசப்படிய மட்டும் மிதிச்சுராத. பச்சப்புள்ள. கதவச் சாத்திட்டு மூலையில உக்காரு."

இணைப்பு அறுந்தது. கீழிருந்து வீட்டுக்கார அக்கா கத்தினார். "இம்புட்டுக் காத்துல மேல என்னம்மா செய்யிற? எறங்கு!"

"அக்கா, அம்மை..."

"ஆத்தாகிட்ட நான் சொல்லிக்கிறேன். தகரத்துகிட்ட நீ சொல்லுவியா? எறங்குடி!"

அப்போதும் பாப்பா பையை எடுத்தேன். பிளாஸ்கை எடுத்தேன். சிலிண்டரை மூடினேன். தூங்குகிற பிள்ளையைக் கடைசியாக எடுப்போம் என்று இருந்தேன். 

அவளைத் தூக்கி நிலைப்படியைத் தாண்டினேன். பின்னால் லாரி கவிழ்ந்தது போல ஒரு சத்தம். திரும்பினால், அறைக்கு மேலே வானம் தெரிந்தது. தொட்டில் குழாயோடு பறந்துபோய்ப் பக்கத்து மாடிச் சுவரில் முறுக்கிக் கிடந்தது.

படியில் இறங்கியது நினைவில்லை. அக்கா என்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார். உள்ளறையிலிருந்து அவர் மகள், "பாப்பாவ இந்தப் பக்கம் கொண்டு வந்துறாதீங்கக்கா" என்று அழுதாள். 

"பிளாஸ்க்கு பத்திரமா இருக்கா?" என்றார் அக்கா. அப்போதுதான் பார்த்தேன், மகளோடு சேர்த்து அதையும் நெஞ்சோடு அணைத்திருந்தேன்.

காற்று அடங்கியதும் அத்தை மறுபடி அழைத்தார். "உள்ள போகலைல?"

"இல்லத்தே, மாடிப்படிக்குக் கீழதான் நின்னோம்." எப்படி அவ்வளவு சரளமாக வந்ததோ தெரியவில்லை.

இன்று ஒன்பதாம் நாள். வேறு வீட்டுக்கு மாறிவிட்டோம். மூன்று வாரம் கவனிக்கச் சொன்னார் டாக்டர். தினமும் காலையில் மகளின் சட்டையைக் கழற்றி அங்குலம் அங்குலமாகப் பார்க்கிறேன். கொசுக்கடித் தடிப்பைக் கண்டாலும் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் மறுபடி பார்க்கிறேன்.

வரும் ஞாயிறு வாடிப்பட்டியில் நாத்தனாருக்கு வளைகாப்பு. பேத்தியைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக வரச் சொல்கிறார் அத்தை. மகளுக்கு அம்மை தொற்றியிருந்தால், நிறைமாதப் பெண்ணிடம் அவளைக் கொண்டுபோகலாமா? போகக் கூடாது என்று தெரியும். போகாமல் இருக்க உண்மையைச் சொல்ல வேண்டும். கணவரோ, "நீயே சொல்லிரு, எனக்கு அம்மான்னா பயம்" என்கிறார்.

மாமியாரிடம் இப்படி ஒரு பொய் சொல்லிப் பின்னால் ஒப்புக்கொண்ட பெண்கள் யாராவது இதைப் படித்தால், அன்று எப்படிப் பேச்சைத் தொடங்கினீர்கள் என்று எழுதுங்கள். முதல் வாக்கியம் மட்டும் போதும். ஞாயிற்றுக்கிழமைக்குள் வேண்டும்.